பீரோ ரேடியோ

அக்டோபர் 6, வெள்ளி

ரேடியோ ரிப்பேருக்கு வந்த முனவர் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஏதோ நகைக்கடை டைரி. எழுதின பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தான்.

"அம்மா, இது எந்தக் கம்பெனி செட்டு, எந்த வருஷம்னு ஒண்ணும் புரியல. முன்னாடி பேர்த் தகடு இல்ல, பின்னாடி அட்டை இல்ல. ஞாபகம் வர்றத எல்லாம் இதுல எழுதி வைங்க. எங்க வாங்கனது, எப்ப நின்னுச்சு, எல்லாம். உங்களுக்கு எழுத வருமில்ல?" என்றான்.

என்னைப் பார்த்து எழுத வருமா என்கிறான். இந்தச் சலேத்தம்மாள் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தாள், ஆனால் மிஷன் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். அந்த நாளில் இந்த லைன் வீடுகள் முழுக்க, தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் பெண்டாட்டிகள் எல்லாரும், ஊருக்குக் கடிதம் போட என்னிடம்தான் வருவார்கள். இருக்கட்டும். அவன் மொபைல் கடைக்காரன், அவனுக்கு என்ன தெரியும். பழைய ரேடியோ பார்ப்பது அவனுக்கு ஒரு பைத்தியம். வெள்ளிக்கிழமை கடை லீவு, தொழுகை முடித்துவிட்டு இங்கே வருகிறான்.

முனவர் கேட்டதற்கு: இது நிற்கிற ரேடியோ. என் இடுப்பு உயரம். லைனில் எல்லாரும் இதை பீரோ ரேடியோ என்பார்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஊரைக் காலி செய்தபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் சின்னப்பனின் அப்பா எடுத்தது. நாலு பேர் தோளில் வைத்து, சப்பரம் தூக்குகிறமாதிரி லைனுக்குக் கொண்டுவந்தார்களாம். நான் கல்யாணமாகி வந்தபோது, மாமனாருக்கு அடுத்தபடியாக இந்த வீட்டில் மரியாதை இதற்குத்தான்.

மேலே மூடி உண்டு. திருகுகள் எல்லாம் மூடிக்குள்ளே. பிள்ளை பிறந்ததும் என் வீட்டுக்காரர் மூடிக்கு ஒரு பூட்டு போட்டார். சாவி என்னிடம் இருக்கிறது.

ரிப்பேர் செய்யச் சொன்னது என் மகன் அருளப்பன். பெங்களூரில் இருக்கிறான். அவனுக்குக் கொஞ்ச நாளாக இருமல். "கிறிஸ்மசுக்கு வரேன்மா. அதுக்குள்ள அந்த ரேடியோவ ரெடி பண்ணி வை, ஒரு தரம் கேக்கணும்" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் அந்த ரேடியோ பேச்சை எடுத்ததே இல்லை. கிறிஸ்மசுக்கு வருவான், காலையில் பூசை, மத்தியானம் சாப்பாடு, நாலு மணி ரயில். முன்னறையில் ரேடியோ இருக்கிறது என்று சமையலறையிலேயே பலகை போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவான்.

அக்டோபர் 7, சனி

எப்போது நின்றது என்றும் முனவர் கேட்டிருந்தான். எழுபத்தொன்பதில். தானாக நின்றது.

அக்டோபர் 13, வெள்ளி

மூடியைத் திறக்கச் சாவி கேட்டான். மாதா உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருப்பதைக் கழற்றிக் கொடுத்தேன். முனவருக்குச் சிரிப்பு.

"இன்னாம்மா இது, தங்கமா? கழுத்துலயே போட்டுனு கீறீங்க!"

"இந்த ரேடியோவுல என் கைய தவிர எந்தக் கையும் பட்டதில்லப்பா. அவருகூட என்னைக் கேட்டுட்டுத்தான் போடுவாரு" என்றேன்.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று. அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும். இருக்கட்டும்.

உள்ளே ஒட்டடை, ஒரு பல்லி முட்டை, ஐந்து வால்வு. வால்வு நம்பரைத் துடைத்துத் துடைத்துப் படித்தான். மூன்று நல்ல வால்வு என்றான். மற்ற இரண்டும் சும்மா இருந்தே கெட்டதாம். அப்படியானால் செட்டு எப்படி நின்றது என்று அவனே தலையைச் சொறிந்துகொண்டான். பழைய கண்டென்சர்களை எல்லாம் மாற்றாமல் கரண்ட் கொடுக்கக் கூடாதாம், வெடித்துவிடுமாம்.

அவன் டீ குடிக்கும்போது தரை ஒரு தரம் அதிர்ந்தது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் எப்போதாவது இப்படி அதிரும். அலமாரியைப் பார்த்தான்.

"உங்க வூட்டுல மட்டும் பாத்திரம் சத்தமே போடல?"

டம்ளர், தட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் நான் துணி மடித்து வைத்திருக்கிறேன். பேத்தி ரெனிட்டா கேலி செய்வாள், பாட்டி டம்ளருக்கெல்லாம் சட்டை போட்டுவிட்டிருக்கிறாள் என்று. கீறல் விழாமல் இருக்கத்தான்.

அக்டோபர் 20, வெள்ளி

ஸ்பீக்கரை வெளியே எடுத்தான். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன், திரும்பி என்னைப் பார்த்தான்.

"அம்மா, இது தானா நிக்கல. யாரோ அறுத்திருக்காங்க."

"எலியா இருக்கும்."

"எலி நேர்கோட்டுல கடிக்காதும்மா. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. பிளேடு."

"வெள்ளைக்காரன் வூட்டு எலி" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நானும் சமையல் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். சமையல் காலையிலேயே முடிந்திருந்தது.

அக்டோபர் 24, செவ்வாய்

ரெனிட்டா போன் செய்தாள். "பாட்டி, டாடிக்கு இனிமே ஊசி வேணாம்னுட்டாங்க. வூட்டுக்குக் கூட்டினு போங்கன்னுட்டாங்க" என்று அழுதாள். அழாதே, ஆடாதோடை இலையும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு என்றேன். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இருமலுக்கு மருந்து தெரியவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். அவர் கல்லறைக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சின்னப்பன் கல்லறைக்குச் சலேத்தம்மாள் இருக்கும்போது ஆள் எதற்கு.

வழியில் பக்கத்து வீட்டு ரங்கநாயகி பிடித்துக்கொண்டாள். எண்பது வயதாகியும் வாய் மட்டும் குறையவில்லை.

"ரேடியோ ரிப்பேராமே சலேத்து? மறுபடியும் எங்க காதுக்கு வேட்டா?"

"உன் காதுதான் அவிஞ்சு பத்து வருஷம் ஆச்சே, உனக்கென்னடி?"

சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அருளு வரானாமே. பாவம்டி அந்தப் புள்ள. தெரியாம செஞ்சிடுச்சு. அறியா வயசு" என்றாள்.

நாற்பத்து நாலு வருஷமாக இந்த லைனில் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். முனவருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

சுரங்கத்தில் ஏர்பிளாஸ்ட் என்று ஒன்று உண்டு. பூமிக்கு அடியில் பாறை தானாக வெடிக்கும். மேலே லைனில் தரை அதிரும், அலமாரிப் பாத்திரம் கடகடவென்று ஆடும். பாத்திரம் ஆடினால் எந்தப் பெண்ணும் அடுப்பை அணைக்கக்கூட நிற்கமாட்டாள். போட்டது போட்டபடி சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்டு வாசலுக்கு ஓடவேண்டும். அடுத்தாற்போல் சங்கு ஊதும். யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கவேண்டும். பெரிய ரேடியோவைச் சத்தமாக வைத்தாலும் பாத்திரம் அப்படித்தான் ஆடும்.

எழுபத்தொன்பது ஏப்ரலில் ஒரு மத்தியானம் ஏர்பிளாஸ்ட் ஆனது. இந்த வீட்டில் ரேடியோ முழுச் சத்தத்தில் இருந்தது. ரேடியோதான் பாத்திரத்தை ஆட்டுகிறது என்று நான் இருந்துவிட்டேன். சங்கும் கேட்கவில்லை. அவரை உயிரோடுதான் மேலே கொண்டுவந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தாராம். "சலேத்து வந்துச்சா, சலேத்து வந்துச்சா" என்று கேட்டாராம். நான் போகும்போது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

அருளு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நவம்பர் 10, வெள்ளி

செட்டு என்ன மாடல் என்று தெரிந்தால்தான் சரியான படம் கிடைக்கும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்கலாம் என்கிறான் முனவர். டயல் கண்ணாடியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் போட்டோ பிடித்துக்கொண்டான். லண்டன், ரங்கூன், கொழும்பு.

"அந்தக் காலத்துல ரேடியோவுக்கு லைசன்ஸ் புக்கு இருக்குமேம்மா. போஸ்டாபீஸ்ல கம்பெனி பேரு, நம்பரு எல்லாம் எழுதித் தருவாங்க. இருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

தொலைந்துவிட்டது என்று சொன்னேன்.

நவம்பர் 11, சனி

தொலையவில்லை. பைபிளுக்கு அடியில் இருக்கிறது.

நவம்பர் 17, வெள்ளி

லைசன்ஸ் புத்தகத்தைக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன். நாற்பது வயதுக்காரனைப் பையன் என்கிறேன்.

புத்தகத்தில் மாமனார் பெயர், அப்புறம் என் வீட்டுக்காரர் பெயர், வருஷா வருஷம் பணம் கட்டி ஒட்டின வில்லைகள். வெல்டன் கம்பெனி, இங்கிலாந்து, செட்டு நம்பர். முனவர் துள்ளிக் குதித்தான். "நாற்பத்தொன்பதாம் வருஷத்து செட்டும்மா! நான் ஐம்பத்தஞ்சுன்னு நெனச்சேன்." போனிலேயே அதன் படத்தை எடுத்துக் காட்டினான். புதிதாக, பளபளவென்று, யாரோ ஒரு வெள்ளைக்காரி பக்கத்தில் நிற்கிறாள். எங்கள் ரேடியோ அதைவிட அழகு.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். எழுபத்தொன்பதோடு வில்லை நின்றுபோயிருக்கிறது. பக்கத்தையும் பார்த்தான், ஸ்பீக்கரையும் பார்த்தான். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தான்.

"காகிதம் ஒட்டிச் சரி பண்ணிடலாம்மா. கோடு தெரியும். சத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது."

டிசம்பர் 1, வெள்ளி

இரண்டு வால்வு சென்னையிலிருந்து வந்தது. ஒன்று உடைந்து வந்தது. திரும்ப எழுதிப்போட்டிருக்கிறான். மழை. மூட்டு வலி. புழுங்கலரிசி ஊறப்போட்டேன்.

டிசம்பர் 8, வெள்ளி

இன்று பேசியது.

முதலில் பச்சைக் கண் எரிந்தது. டயலுக்கு மேலே சின்னதாக ஒரு கண் உண்டு, ஸ்டேஷன் சரியாகக் கிடைத்தால் அது பாதி மூடும். அது எரிவதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் உறுமல், அப்புறம் ஒரு மனிதன் குரல். கன்னடத்தில் தக்காளி விலை சொன்னான்.

நாற்பத்து நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு முதல் பேச்சு தக்காளி. முனவர் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் அவன், "சத்தம் ஏத்திப் பாக்கலாமாம்மா?" என்று திருகில் கை வைத்தான். வேண்டாம் என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. கையை எடுத்துக்கொண்டான்.

டிசம்பர் 15, வெள்ளி

மரத்துக்கு நானே பாலிஷ் போட்டேன். பேர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டை மட்டும் இருக்கிறது. தகடு எங்கே என்று முனவர் கேட்டான். தெரியாது என்றேன். தெரியும். அவர் சவப்பெட்டிக்குள் போட்டு அனுப்பினேன். அவர் வீட்டு மரியாதை அவரோடு போகட்டும் என்று.

டிசம்பர் 22, வெள்ளி

வேலை முடிந்தது. முனவரை உட்காரவைத்துச் சோறு போட்டேன். போகும்போது டைரியைக் கேட்டான், செட்டின் கதையை எழுதி வைத்துக்கொள்ளவேண்டுமாம்.

"இன்னும் முடிக்கலப்பா" என்றேன்.

டிசம்பர் 23, சனி

நாளை அவன் வருகிறான். காரில் படுக்கவைத்துக் கூட்டிவருகிறார்களாம். இருமல்காரனை யாரும் படுக்கவைத்துக் கூட்டிவரமாட்டார்கள். எனக்குத் தெரியும்.

கல்லறைத் திருநாள் அன்று எழுதினதைத் திரும்பப் படித்தேன். பரிசு வாங்கிய கை. இன்று சரியாக எழுதுகிறேன்.

அந்த ஏப்ரல் மாதம் ரங்கநாயகி வீட்டில் புதிதாக டிரான்சிஸ்டர் வாங்கினார்கள். தோளில் மாட்டிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். "இனிமே பீரோவ யாரு கேப்பா? பொணப்பெட்டி மாதிரி" என்று எல்லாரும் சிரிக்கச் சொன்னாள். மத்தியானம் அவள் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள், என் வாசலில் ஒருத்தியும் இல்லை. நான் கழுத்திலிருந்து சாவியை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். திருகை அது போகிறவரைக்கும் திருப்பினேன். சுவர் அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரம் ஆடியது. ஆடட்டும் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் இன்னும் பலமாக ஆடியது. ஒரு சொம்பு கீழே விழுந்தது. பார் எங்கள் ரேடியோவை என்று நினைத்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரங்கநாயகியும் மற்றவர்களும் எழுந்து ஓடினார்கள். என் ரேடியோவுக்குத் தோற்று ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். சத்தமாகச் சிரித்தேன். கடவுளே, சிரித்தேன்.

சாயங்காலம் அவரைக் கிடத்தியிருந்தபோது மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "கடைசியா உன் பேர சொல்லினு இருந்தானேடி, நீ எங்கடி போன?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அருளு அவன் அப்பா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இவன்தான் ரேடியோவ சத்தமா வெச்சிட்டான், சங்கு காதுல விழல" என்றேன். ஒரே ஒரு வாக்கியம். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

அன்றைக்கு அவன் அம்மாதான் என்று சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேனா, தெரியவில்லை. அவன் சொல்லவில்லை. பதினாறு வயதில் பெங்களூருக்குப் போய்விட்டான். அதுவரைக்கும் லைன் பிள்ளைகள் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஸ்பீக்கரை அறுத்தது நான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, அவர் சவர பிளேடால்.

டிசம்பர் 25, திங்கள்

அவன் உடம்பில் எலும்புதான் இருக்கிறது. முன்னறையில், ரேடியோவுக்கு எதிரே கட்டில் போட்டோம். ரெனிட்டாவையும் அவள் அம்மாவையும் பூசைக்கு அனுப்பிவிட்டு மூடியைத் திறந்தேன். பச்சைக் கண் எரிந்தது. எங்கோ கிறிஸ்மஸ் பாட்டு, இரைச்சலோடு.

"அதே சத்தம்மா" என்றான். கண்ணை மூடிக்கொண்டான்.

சொல்லவேண்டியதைப் பள்ளிப்பாடம்போல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "அருளு, அன்னிக்கு ரேடியோவ வெச்சது நீ இல்லடா. நான்" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "சாவி உன் கழுத்துலதானேம்மா இருந்துச்சு" என்றான்.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா பாட்டி உன்ன அடிச்சே கொன்னிருக்கும். நான் சின்னப் புள்ள. ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்."

பிறகு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். துடைத்துவிட்டேன். திரும்பவும் பேசினான். கோபமாகச் சொல்லவில்லை, மழை வருமென்று சொல்கிறமாதிரி சொன்னான்:

"நீயா சொல்லுவேன்னு ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் வந்தேன்மா. நாலு மணி ரயில் வரைக்கும் பாப்பேன்."

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. இந்த வயதிலும் வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் ரேடியோவைக் காட்டினான்.

"சத்தம் ஏத்தும்மா."

எழுந்து போய் முதலில் அலமாரியிலிருந்து துணிகளை எல்லாம் உருவி எடுத்தேன். பிறகு திருகைத் திருப்பினேன். அது போகிறவரைக்கும். டம்ளர், தட்டு, சொம்பு எல்லாம் ஆடின. பக்கத்துச் சுவரை ரங்கநாயகி தட்டினாள். "ஏய் சலேத்து! செவிட்டுக் காதுக்கே கேக்குதுடி!" அவன் சிரித்தான். பன்னிரண்டு வயதுச் சிரிப்பு.

சாவியை என் கழுத்திலிருந்து கழற்றி அவன் கழுத்தில் போட்டேன். அதைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

டிசம்பர் 26, செவ்வாய்

ரங்கநாயகி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். எல்லாரிடமும் சொல்லிவிடு, உனக்குத்தான் வாய் பெரிது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நான்தானே பொணப்பெட்டின்னு சொன்னேன்" என்றாள்.

ஜனவரி 11, வியாழன்

காலை ஆறே காலுக்கு. நான் பக்கத்தில் இருந்தேன். இருந்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 12, வெள்ளி

சாவியைக் கழற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். லைன் முழுக்க வந்திருந்தது. யாரும் அவனை ரேடியோ என்று சொல்லவில்லை. முனவர் பெட்டி தூக்கினான்.

பிப்ரவரி 9, வெள்ளி

ரேடியோ மூடி திறந்தேதான் இருக்கிறது. பூட்டச் சாவி இல்லை. முனவர் வேறு சாவி செய்து தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். டைரியை அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எல்லாப் பக்கத்தையும் சேர்த்து.

பிப்ரவரி 13, செவ்வாய்

மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அலமாரியில் பாத்திரம் ஆடியது. திரும்பி ரேடியோவைப் பார்த்தேன். பச்சைக் கண் எரியவில்லை.

முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். செருப்புப் போடவில்லை. மூடிப்போன சுரங்கம், உள்ளே தண்ணீர்தான் இருக்கிறது, எல்லாம் தெரியும். ரங்கநாயகி வாசலில் இருந்து, "எங்கடி ஓடற, ஒண்ணுமில்லடி" என்று கூப்பிட்டாள். நிற்கவில்லை.

ஷாப்டு வாசலில் துருப்பிடித்த கம்பி, ஒரு வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "யாரும்மா? உள்ள யாரும் இல்லயே. இன்னா வேணும்?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

சலேத்து வந்திருக்கிறேன் என்றேன்.